தையலுக்கு விட்ட ஒரு அங்குலம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். நாத்தனாரின் கணவர், என் வீட்டுக்காரர் அவரை பாவா என்று கூப்பிடுவார், நான் அண்ணா என்பேன். சுவர் வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவர். ஆறாவது ஆள், இறுக்கமாகிப்போன ஜாக்கெட்டைப் பிரித்துவிடச் சொல்லி கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்து, நடக்கிற கூத்தை விட்டுவிட்டு எழுந்து போக மனமில்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்ட ஓர் அம்மா.

இவ்வளவு கறாராக ஆள் கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இல்லாதவர்கள் எல்லாம் பின்னாளில் இந்தக் கதையை நேரில் பார்த்ததுபோலச் சொன்னார்கள். அதில் நடுவில் நான் அழுததாக வரும். நான் அழவில்லை. கண்ணில் செங்கல் தூசி விழுந்தது. அதுவும் ஒரு கண்ணில்தான்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். தட்டை டி.வி. திருத்தணியில் ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு டி.வி. மாடம் உண்டு. தொண்ணூறுகளில் வீடு கட்டியபோது, அப்போது வாங்கிய பெட்டி டி.வி.க்காகவே சுவருக்குள் விட்டுக் கட்டியது. அகலத்தில் டி.வி.யோடு ஸ்டெபிலைசரும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆழத்தில் அந்த டி.வி.யின் முதுகு முழுதும் உள்ளே போக வேண்டும். அதற்காகச் சுவரையே பின்னறைக்குள் பிதுங்க வைத்துக் கட்டினார்கள். மாடத்துக்கு மேலே ஒரு காங்கிரீட் பலகை. அதன்மேல் முருகன் படமும் விளக்கும். கீழே டி.வி., மேலே சாமி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறோம் என்று நாத்தனார் கேலி செய்வார். அந்த மாடத்தை அவர் மாடம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொந்து என்றுதான் சொல்வார்.

பழைய டி.வி. படுத்துவிட்டது. படம் கோடாகச் சுருங்கி, பிறகு புள்ளியாகி, ஒருநாள் அந்தப் புள்ளியும் போனது. தட்டை டி.வி. வாங்கலாம் என்று முடிவானது. அரக்கோணத்தில் ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிற பாவாவுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும், அவரே கடையில் பார்த்து எடுத்துத் தருவார் என்றும் முடிவானது. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாடத்தின் அளவு. இருபது வருடமாக இந்த ஊரில் ஜாக்கெட் தைக்கிறவள் நான். கழுத்தில் டேப் தொங்காமல் என்னை யாரும் பார்த்திருக்க முடியாது. அளவு என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தால் இரண்டு முறையாவது எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பேன். இடி இடித்தால் மெயினை அணைப்பேன். துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் மூன்று தடவை அளப்பேன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றதும் பயத்தால்தான். பின்னக் கணக்கு என்றாலே ஓடி ஒளிவேன். முழுப்பரீட்சை அன்று காலையில் வாந்தி எடுத்தேன், போகவில்லை, பிறகு போகவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், எந்தப் பின்னத்துக்குப் பயந்து ஓடினேனோ அதே பின்னம்தான் தையல் கற்றுக்கொண்டபோது என் விரலில் வந்து உட்கார்ந்தது. அரை, கால், அரைக்கால். அரைக்கால் அங்குலம் கூடினால் தோள் தொங்கும், குறைந்தால் அக்குள் பிடிக்கும். இதைக் கரும்பலகையில் எழுதி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனாலும் இந்த வீட்டில் எந்த எண்ணில் தப்பு வந்தாலும், "ஏழாங்கிளாசு கணக்கு" என்று ஒரு வார்த்தை உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் நாத்தனார். அவர் பத்தாவது பாஸ்.

மாடத்தை மூன்று தடவை அளந்தேன். நோட்டில் எழுதினேன். அதைத் தனித் தாளில் பார்த்து எழுதி பாவாவிடம் கொடுத்தேன். அகலம் முப்பத்திரண்டு, உயரம் இருபத்தாறு, ஆழம் இருபது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. ஆட்டோவில் வந்து இறங்கியது. மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல நாத்தனார் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்து, ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி மாடத்தின் வாயில் வைத்தார்கள். போகவில்லை. சாய்த்து வைத்தார்கள். போகவில்லை. இடது பக்கம் உள்ளே போனால் வலது பக்கம் சுவரில் முட்டியது.

"பொந்துல பெருச்சாளி கூட உரசாம பூந்து போவும்," என்றார் நாத்தனார். "உன் டி.வி. போவலியே."

"இன்னாம்மா இது?" பாவா என் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "முப்பத்திரண்டுன்னு நீதானே எழுதிக் குடுத்த? கடைக்காரன்கிட்ட ஓரத்துக்கு ஓரம் அளந்து பார்த்துதான் எடுத்தேன். முப்பத்தொண்ணரை. அரை அங்குலம் சும்மா போவணும்."

பக்கத்து வீட்டில் குளியலறை கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியை என் வீட்டுக்காரர் போய் அழைத்து வந்தார். அவர் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவி, ஒரே இழுப்பில் அளந்து, ஒரே பார்வையில் சொன்னார்.

"முப்பத்தொண்ணும்மா. நாலு நூல் இடிக்குது."

இந்த இடத்தில்தான் கண்டிகை அம்மா உள்ளே வந்தார். கையில் மஞ்சள் பையில் ஜாக்கெட். "நாலு நூலு தானே? அதுக்கு ஏன் இத்தினி பேரு நிக்கிறீங்க? அறுத்து உட்டா போச்சு," என்றார்.

மேஸ்திரி சிரித்தார். அவர்கள் வேலையில் நூல் என்றால் அரைக்கால் அங்குலம்; எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். கம்பி வாங்கினாலும் மூன்று நூல், நாலு நூல் என்றுதான் வாங்குவார்கள். எனக்கு அது தெரியும். நாலு நூல் என்றால் அரை அங்குலம். நான் எழுதியதற்கும் சுவருக்கும் இருந்த தூரம் அதைவிட அதிகம். முழுசாக ஒரு அங்குலம்.

என் டேப்பை வைத்து நானும் அளந்தேன். முப்பத்தொன்று. மறுபடியும் முப்பத்தொன்று. மூன்றாவது தடவையும் சுவர் மனசு மாறவில்லை.  டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பாவா திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். இன்றைக்குள் கொண்டு போனால் கடைக்காரர் மாற்றித் தருவார். சாயங்காலம் அழைத்துப் போக வருகிற அதே ஆட்டோவில் திருப்பி எடுத்துப் போய்ச் சின்னதாக ஒன்று எடுத்து வரலாம். இல்லையென்றால் எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டலாம்.

"எதிர் சுவத்துல என் மெஷின் இருக்குதுண்ணா."

"மெஷினைத் தூக்கிப் பின்னாடி போடும்மா. டி.வி.க்கு எடம் முக்கியமா, தையலுக்கு எடம் முக்கியமா?"

"ஏழாங்கிளாசு கணக்கை நம்பி கடைக்குப் போனீங்களே, உங்களைச் சொல்லணும்," என்றார் நாத்தனார் தன் கணவரிடம்.

அதெல்லாம் எனக்குப் பழக்கம்.  கண்டிகை அம்மா ஒன்று கேட்டார், அதுதான் உள்ளே போய்க் குத்தியது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, யோசித்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, நான்தான் பெருத்துட்டேன்னு நெனைச்சிகினு வந்தேன். அப்போ உன் டேப்புதான் எளைச்சிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.  இந்த அம்மா மத்தியான பஸ்ஸில் ஏறுவார். பஸ் கண்டிகை போய்ச் சேருவதற்குள் திருத்தணி டெய்லர் அம்மாவுக்கு முப்பத்தொன்று முப்பத்திரண்டாகத் தெரிகிறது என்ற சேதி பாதி பஸ்ஸுக்குப் போய்விடும். டெய்லருக்கு வாய் இல்லாவிட்டால் பரவாயில்லை, கண் கொஞ்சம் மங்கினாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். அளவு தப்பு என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்கு மேல் மெஷினைக் கூடத்தில் போட்டால் என்ன, பின்னால் போட்டால் என்ன? டி.வி. அந்த வாசற்படியைத் தாண்டி வெளியே போனால், கூடவே என் பெயரும் ஆட்டோ ஏறிவிடும்.

நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். மேலே முன்பு எப்போதோ எடுத்த கண்டிகை அம்மாவின் ஜாக்கெட் அளவு. அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் மாடத்தின் அளவு. இரண்டும் ஒரே பேனாவில், ஒரே மாதிரி எழுதியிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது.

நான் உடம்பை அளந்தால் நோட்டில் உடம்பின் அளவை எழுதமாட்டேன். துணியின் அளவைத்தான் எழுதுவேன். இடுப்பு முப்பத்தொன்று என்றால் நோட்டில் முப்பத்திரண்டு. அந்த ஒரு அங்குலம் தையலுக்கு. பக்கத்துக்கு அரை அங்குலம் உள்ளே மடிந்து கிடக்கும். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். இருபது வருடப் பழக்கம். கை தானாகச் சேர்த்துவிடும். சுவரை அளந்தபோதும் கை சேர்த்துவிட்டது. சுவருக்கும் நான் தையலுக்கு விட்டிருக்கிறேன்!

சும்மா இருந்திருக்கலாம். பாவா தாளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சண்டை போட்டிருக்கலாம். நோட்டை மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒளித்து வைத்தால் ஆயுசு முழுக்க அதை நினைத்து நினைத்து நான்தான் தூங்காமல் கிடக்க வேண்டும். அந்தக் கஷ்டத்துக்கு இது மேல் என்று தோன்றியது.

"அளவு தப்பு இல்ல," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "சுவரு முப்பத்தொண்ணுதான். நான் ஒரு அங்குலம் தையலுக்கு உட்டு எழுதிட்டேன்."

 வீடே சிரிப்பில் அதிர்ந்தது. மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ நைனா! சுவத்துக்கு ஊக்கு வெச்சிருக்கியா, பட்டன் வெச்சிருக்கியாம்மா?" என்றார் கண்டிகை அம்மா. பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிக்கட்டும் என்று விட்டேன். கண்டிகை அம்மாவின் ஜாக்கெட்டை வாங்கி உட்புறம் திருப்பி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "இங்க பாருங்க. ரெண்டு பக்கமும் அரை அரை அங்குலம் மடிஞ்சிகினு இருக்குதா? இதான் நோட்டுல எழுதின அங்குலம். இப்போ பிரிச்சு உட்டா உங்களுக்கு மூச்சு விட எடம் கெடைக்கும். என் டேப்பு எளைக்கல." பேசிக்கொண்டே பிளேடால் பக்கத்துத் தையலைப் பிரித்தேன். பயம் வந்தால் எனக்குக் கைக்கு வேலை வேண்டும்.

பிரித்துக்கொண்டே கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். "ஏன் மேஸ்திரி, நீங்க சுவத்துல இந்த மாதிரி எதுவும் உட மாட்டீங்களா?"

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். மாடத்தின் பக்கச் சுவரை விரல் கணுவால் தட்டினார். மறுபக்கமும் தட்டினார். சத்தம் பொத்தென்று இருந்தது.

"உட்டுகினு தான்மா இருக்குது. பூச்சு. அடியில செங்கல்லு, மேல நாலு நூல் பூச்சு. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு."

நாலும் நாலும் எட்டு நூல். எட்டு நூல் ஒரு அங்குலம். பின்னக் கணக்குத்தான். ஒரு நொடிகூட ஆகவில்லை எனக்கு.

"கொத்துங்க," என்றேன்.

"இரும்மா, இரும்மா." பாவா எழுந்துவிட்டார். "பூச்சை எடுத்தா செங்கல்லு பல்லை இளிச்சிகினு நிக்கும். மேல ஸ்லாப்பு இருக்குது, சாமி இருக்குது. ஆட்டம் கண்டா யாரு பதில் சொல்றது? மச்சான், நீ சொல்லுப்பா."

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவா சொல்றதும் சரிதான்... இவ சொல்றதும்..."

"நீங்க மெயினை ஆஃப் பண்ணுங்க," என்றேன். போனார்.

தைரியசாலியாக இருந்தால் அப்போதே சுத்தியலைக் கொடுத்திருப்பேன். நான் பயந்தவள், அதனால் மேஸ்திரியிடம் கேள்வி கேட்டேன். பலகை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? செங்கல் மேல்தான், பூச்சின்மேல் இல்லை. பக்கச் சுவரில் வயர் ஓடுகிறதா? இல்லை, பிளக் பின்சுவரில். சுத்தியல் அதிர்ச்சியில் மேலே விரிசல் விடுமா? சின்ன உளியில் மெதுவாகத் தட்டினால் விடாது. சாமி படத்தை இறக்க வேண்டுமா? இறக்கினால் நல்லது. செங்கல்லை மூடப் பூச மாட்டீர்களா? பூசினால் மறுபடி நூல் போய்விடும், வெள்ளை சிமெண்டைக் கரைத்து பிரஷ்ஷில் அடித்துக்கொள்ளலாம். மேஸ்திரிக்கு அலுத்துவிட்டது. "எஞ்சினியரு கூட இத்தினி கேட்டது கெடையாதும்மா," என்றார். கேட்டதெல்லாம் பயத்தில்தான். ஆனால் கேட்டு முடித்தபோது பயப்படுவதற்கு என்று தனியாக எதுவும் மிச்சம் இல்லை. அந்த வீட்டில் அந்தச் சுவரைப் பற்றி என்னைவிட அதிகம் யோசித்த ஆள் யாருமில்லை. பயந்தவள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது?

"விழுந்தா என் தலைமேல விழட்டும்ணா. இந்த டி.வி. இன்னிக்கி அந்த மாடத்துலதான் உக்காரும்."

பாவாவுக்குச் சுருக்கென்றது. "உக்காரவே உக்காராது. உக்காந்துச்சுன்னா ஐநூறு ரூபா தரேன். சாயங்காலம் ஆட்டோ வரதுக்குள்ள."

"ஆங், நான் சாட்சி," என்றார் கண்டிகை அம்மா. அவருடைய மத்தியான பஸ் அதற்குள் போயிருந்தது.

முருகனை இறக்கித் துணி சுற்றிக் கட்டிலில் வைத்தேன். டி.வி.மேல் இரண்டு பெட்ஷீட் போர்த்தினேன். மேஸ்திரி உளியை வைத்தார். இடது பக்கத்துப் பூச்சு அப்பளம்போலப் பெரிய துண்டாகப் பெயர்ந்து வந்தது. வலது பக்கம் அப்படி வரவில்லை. நடுவில் ஒரு செங்கல் மட்டும் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் பூச்சு நாலு நூல் இல்லை, ஒரு நூல்தான்.

"பார்த்தியா?" என்றார் பாவா. சொல்லும்போது உட்கார்ந்துகொண்டார்.

"இது ஒண்ணுதான் தலைவலி," என்றார் மேஸ்திரி. "அழுத்தி அடிச்சா கல்லே வந்துடும்."

"அழுத்தி அடிக்காதீங்க. தேய்ங்க."

"செங்கல்லையா?"

"செங்கல்லைத்தான். எனக்கு நேரம் இருக்குது."

அவர் வேறு உளியை எடுத்து, தட்டாமல், காய்ந்த தேங்காயைச் சுரண்டுவதுபோலச் சுரண்டினார். சிவப்புத் தூள் கொட்டியது. அப்போதுதான் என் கண்ணில் விழுந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைத்தான் ஊர் அழுகை என்கிறது. நான் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.  மேஸ்திரிக்கு வெளிச்சம் போதவில்லை என்று அவரே டார்ச்சை எடுத்து வந்து பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

மூன்று மணி சுமாருக்கு மேஸ்திரி ஊதித் தூசியைத் தட்டினார். நான் கழுத்து டேப்பை எடுத்தேன்.

"உன் டேப்பு வேணாம். இரும்பு டேப்பு," என்றார் பாவா.

"ரெண்டுலயும் அளங்க," என்றேன்.

இரும்பு டேப்பில் பாவாவே அளந்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரும்பக் கீழே இறக்கி, மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை. 

"எவ்ளோங்க?" என்றார் நாத்தனார்.

"முப்பத்திரண்டு."

நோட்டு மெஷின்மேல் திறந்தே கிடந்தது. நான் அதைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

டி.வி.யைத் தூக்கினார்கள். பக்கத்துக்கு இரண்டு நூல் இடம் விட்டு, அளவெடுத்துத் தைத்ததுபோல உள்ளே போய் உட்கார்ந்தது. மெயினைப் போட்டு பிளக்கைச் சொருகினோம். கேபிள்காரர் இன்னும் வரவில்லை. வெறும் நீலத் திரைதான் வந்தது. ஆறு பேரும் அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாத்தனார் எட்டிப் பார்த்தார். நாலு விரல் தடிமன் டி.வி.க்குப் பின்னால் பழைய மாடத்தின் ஆழம் அப்படியே காலியாகக் கிடந்தது. "பின்னாடி இம்மாம் பெரிய பொந்து சும்மா கெடக்குதே, அதுல இன்னாத்த வெக்கப் போற?"

"ஒண்ணும் வெக்க மாட்டேன் அண்ணி. சூடாவும் இல்ல? அது காத்துக்கு உட்டது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கண்டிகை அம்மா மட்டும் தலையை ஆட்டினார். அவர் உள்ளறைக்குப் போய், பிரித்துத் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தார். "இப்பதான் மூச்சு வருது," என்றார். பிறகு பாவா பக்கம் திரும்பி, "ஐநூறு," என்றார்.

பாவா சுவரைப் பார்த்தார். "செங்கல்லு தெரியுதே. உக்காந்ததுன்னு எப்பிடிச் சொல்றது?" என்று இழுத்தார். ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். பாவா சட்டைப்பையைத் தடவி இரண்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்து மெஷின்மேல் வைத்தார். "மிச்சம் அப்புறம்," என்றார். அட்டைப்பெட்டி காலியாக ஆட்டோவில் போனது. வரும்போது போலவே நாத்தனார் அதையும் அணைத்துக்கொண்டார், அரிசி மூட்டைக்கு அடியில் போட உதவும் என்று.

அடுத்த வாரமே கண்டிகையிலிருந்து இரண்டு பெண்கள் துணியோடு வந்தார்கள். "சுவத்தையே பிரிச்சு உட்ட டெய்லரு நீதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நோட்டில் எழுதும்போது முன்புபோலவே ஒரு அங்குலம் சேர்த்துத்தான் எழுதினேன். அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை, விடவும் மாட்டேன்.

செங்கல் ஓரத்தை வெள்ளை சிமெண்ட் அடித்து மூடியாகிவிட்டது. பலகை அசையவில்லை. முருகன் மேலேயே இருக்கிறார். இன்றும் இடி இடித்தால் மெயினை அணைக்கிறேன், சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு பாவா வருஷா வருஷம் காவடி எடுத்து மலையேறிவிட்டு, எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். இலையில் சோறு போட்டு, சாம்பாரை ஊற்றி, அப்பளம் வைத்துவிட்டுக் கேட்பேன். "அண்ணா, பாக்கி?"

"அந்த டி.வி.யே பழசாப் போச்சேம்மா," என்பார். "இன்னுமா?"

"இன்னும் அதே மாடத்துலதான் உக்காந்திகினு இருக்குது. நீங்களே பாருங்க."

அவர் டி.வி.யைப் பார்க்காமல் சாப்பிடுவார். அடுத்த வருஷமும் கேட்பேன். ஐநூறில் இருநூறு வந்தது. பாக்கி முந்நூறு ரூபாய்.